'போல' என்ற சொல்

ஆதாரமின்றி நாம் எண்ணிக்கொள்வது ஊகம். சோதித்துப் பார்ப்பதற்காக இப்போதைக்கு ஏற்றுக்கொள்வது கருதுகோள். இவற்றுக்கு எதிர்ச்சொல் பொய் அல்ல, மெய்ப்பிக்கப்பட்டது என்பதே.

பெல்ஜியம் நாட்டு அருள்பணியாளர் ஜார்ஜ் லெமேத்ர், அண்டம் விரிவடைகிறது என்று 1927ம் ஆண்டில் எழுதினார். அதற்கு ஒரு தொடக்கம் இருந்திருக்கவேண்டும் என்று 1931ம் ஆண்டில் கூறினார். 1951ம் ஆண்டில் திருத்தந்தை 12ம் பயஸ் அவர்கள், அத்தகைய ஆய்வுகள் படைப்பைப் பற்றிய நம் நம்பிக்கைக்குச் சான்று பகர்வதாகப் பேசினார். லெமேத்ர் அதை விரும்பவில்லை. தம் கருத்து இன்னும் கருதுகோளே என்பதில் அவர் உறுதியாயிருந்தார். அதற்கு வலுவூட்டிய அண்டப் பின்புலக் கதிர்வீச்சின் கண்டுபிடிப்பு 1965ம் ஆண்டில்தான் வெளியானது. மறு ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நாமோ, "சங்கப் பணத்தில் அவர் கை வைத்திருப்பார் போல" என்று காலையில் கேட்கிறோம். தெருமுனையைத் தாண்டும்முன் அந்தப் 'போல' உதிர்ந்துவிடுகிறது. மாலையில், "கை வைத்துவிட்டாராம்" என்கிறோம். ஒரு குடும்பம் தலைகுனிந்து நடக்க இது போதும். தம் சொந்தக் கருத்தையே உண்மை என்று சொல்ல அந்த அறிஞர் காத்திருந்தார். அடுத்தவரைப் பற்றிப் பேசும்போது நாமும் காத்திருப்போம்.