ரோஷத்துக்கு ஒரு பாடம்

பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கும்படி 2025 மே மாதம் சிபிஎஸ்இ சுற்றறிக்கை அனுப்பியது. எந்தக் குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை, ஒரு நாளைக்கு எவ்வளவு போதும், மீறினால் என்ன நோய் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 11 முதல் 18 வயது வரையிலானவர்கள் பெறும் கலோரியில் 15 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது. 5 சதவீதம்தான் வரலாம் என்கிறது அந்தச் சுற்றறிக்கை. கவலை நியாயமானது. ஆனால், சர்க்கரை கெடுதல் என்று பதினான்கு வயதுப் பையனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும்தான் குடிக்கிறான்.

ஏன் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து ஒரு நல்ல விடை கிடைத்திருக்கிறது. கிறிஸ்டோஃபர் பிரையன், டேவிட் யேகர் ஆகிய உளவியலாளர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சத்துணவுப் பாடம். மறுபாதிக்கு உடல்நலத்தைப் பற்றிய உபதேசமே இல்லை. உணவு நிறுவனங்கள் பண்டத்தை மேலும் மேலும் கேட்கத் தூண்டும்படி எப்படித் தயாரிக்கின்றன, சத்தானதுபோல் உறையில் எப்படிக் காட்டுகின்றன, சின்னக் குழந்தைகளையும் ஏழைகளையும் எப்படிக் குறிவைக்கின்றன என்று மட்டும் சொன்னார்கள். பிறகு விளம்பரப் படங்களைக் கொடுத்து, அவற்றின் மேலேயே கிறுக்கி உண்மையை எழுதச் சொன்னார்கள்.

இங்கே நடந்ததுதான் எனக்குப் பேரழகாகப் படுகிறது. விடலைப் பருவத்தில் இரண்டு ஆசைகள் கொதிக்கின்றன: யாரும் என்னை ஆட்டுவிக்கக் கூடாது, நண்பர்கள் மதிக்க வேண்டும். வாய்க்காலில் புரண்டு வரும் தண்ணீர் மாதிரி அவை. குறுக்கே வரப்பு போட்டால் உடைத்துக்கொண்டு ஓடும்; இன்னும் உயர்த்தினால் பக்கத்து வயலையும் அழிக்கும். மடை திருப்பத் தெரிந்தவர் வேகத்தோடு மோதுவதில்லை. ஒரு பக்கம் ஒரு கூடை மண், மறுபக்கம் ஒரு வெட்டு. அதே தண்ணீர் அதே வேகத்தில் வேண்டிய வயலுக்குப் பாய்கிறது. நாற்பது வருடங்களுக்குப் பிறகு வரும் நீரிழிவைச் சொல்லி மிரட்டுவது, தண்ணீரை மேட்டுக்கு ஏறச் சொல்வது. 'உன்னை ஏமாற்றுகிறார்கள்' என்பது ஒரு மண்வெட்டி வேலை. பாட்டிலைத் தொடாமலிருப்பதே இப்போது எதிர்ப்பு, அதுவே கெத்து.

புகையிலை விஷயத்தில் இது முன்பே நடந்தது. ஃபுளோரிடாவில் 1998இல் தொடங்கி, 2000இல் அமெரிக்கா முழுக்கப் பரவிய 'ட்ரூத்' பிரசாரம், நுரையீரலை விட்டுவிட்டு சிகரெட் நிறுவனங்களின் தந்திரத்தைக் காட்டியது.

டெக்சாஸ் ஆய்வுக்கு வருவோம். 2019இல் வெளியான அதன் முடிவுகளின்படி, வழக்கமான பாடம் படித்த பையன்களைவிடப் புதிய பாடம் படித்த பையன்கள் கேன்டீனில் கெடுதலான தின்பண்டமும் பானமும் வாங்குவது 31 சதவீதம் குறைவாக இருந்தது. அதுவும் கல்வியாண்டு முடியும்வரை, சுமார் மூன்று மாதங்களுக்கு.

இதைக் கொண்டு 'உடல் பருமனுக்குத் தீர்வு' என்று தலைப்பு போடுவது தவறு. அளக்கப்பட்டது உடல் எடை அல்ல. பள்ளிக்குள் வாங்கியதை மட்டுமே. மாணவிகளிடம் புதிய பாடம் வழக்கமான பாடத்தைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளோ பள்ளி வாசலுக்கு வெளியேயும் தீனி வாங்குகிறார்கள்.

ஆனாலும், இதைச் செய்துபார்க்கப் பெரிய செலவில்லை. தலைமை ஆசிரியர்களே, எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். நாலு விளம்பரங்களையும் பேனாக்களையும் கொடுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கு உங்கள் கேன்டீனில் எது எவ்வளவு விற்றது என்று கணக்கு வையுங்கள்.