எஸ்எஸ்டி குளோனிங்: 100% காட்டிய பிறகும் லேப்டாப் ஏன் ஆன் ஆகவில்லை?

லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. பெரிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழையதை அப்படியே அதில் குளோன் செய்தீர்கள். சாஃப்ட்வேர் 100% என்று காட்டியது. டிரைவை மாற்றிப் போட்டு பவர் பட்டனை அழுத்தினால், கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: பூட் டிவைஸ் கிடைக்கவில்லை.

பெங்களூரில் இருப்பவருக்கு இது ஒரு மதிய நேரத் தொல்லை. எஸ்.பி. ரோடு வரை ஒரு நடை போய் வந்துவிடலாம். பேத்தமங்களாவில் வீட்டிலிருந்தபடி பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்குக் கதை வேறு. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஏறி பெங்களூரு போய் வருவதே இந்தப் பகுதியில் பலருக்குப் பிழைப்பு. ஒரு பக்கம் மட்டும் சுமார் 100 கி.மீ. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு நாள் லீவு காலி.

போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய டிரைவை நீங்கள் இன்னும் அழிக்கவில்லை என்றால், பெரிதாக எதுவும் போய்விடவில்லை.

டேட்டா வந்துவிட்டது, வழி வரவில்லை

சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கவயலுக்குத் தண்ணீர் பேத்தமங்களா ஏரியிலிருந்துதான் போனது. ஏரி ததும்பி நின்றாலும், பம்பும் குழாயும் சரியாக இருந்தால்தான் அங்கே குழாயில் தண்ணீர் வரும். டிரைவும் இப்படித்தான். உங்கள் ஃபைல்கள் இருக்கும் சி டிரைவ்தான் ஏரி. அதற்கு முன்னால் இஎஃப்ஐ என்ற சின்னப் பகுதி ஒன்று, பெரும்பாலும் 100 எம்பி அளவில், கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். ஆன் செய்ததும் லேப்டாப் முதலில் தேடுவது இதைத்தான். சி டிரைவை மட்டும் டிக் செய்து குளோன் செய்தால் இது விட்டுப்போகும். குளோன் செய்யும்போது முழு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

முழு டிஸ்க்கையும்தான் எடுத்தேன், ஆனாலும் வரவில்லையே என்கிறீர்களா? இரண்டு டிரைவும் ஒரே நேரத்தில் மெஷினில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். குளோன் என்பது இரட்டைப் பிள்ளை. டிஸ்க்கின் அடையாள எண் உட்பட எல்லாமே ஒன்றாக இருக்கலாம். விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: புது டிரைவில் ஓடுகிறது என்று நம்பி, வாரக்கணக்கில் பழையதிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். குளோன் முடிந்ததும் ஷட்டவுன் செய்து, பழையதைக் கழற்றி, புதியதை உள்ளே ஸ்லாட்டில் பொருத்திப் பாருங்கள். யுஎஸ்பி என்க்ளோஷரில் வைத்தபடியே பூட் செய்து சோதிக்காதீர்கள். சாதாரண விண்டோஸ் யுஎஸ்பியிலிருந்து ஓடும்படி அமைக்கப்பட்டதல்ல.

நீலத் திரையில் ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று வந்தால் அது டிரைவர் பிரச்சினை. சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கு மாறும்போது இது சகஜம். பூட் இரண்டு மூன்று முறை தோற்றால் ரிப்பேர் திரை தானாக வரும்; அதில் சேஃப் மோடுக்குள் ஒருமுறை போய் வந்தாலே பல நேரங்களில் விண்டோஸ் சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால், விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ‘பிசிடிபூட்’ கட்டளையால் இஎஃப்ஐ பகுதியை மறுபடி எழுதலாம்.

பழைய மெஷினிலிருந்து புதியதற்கு மாறுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் கூடுதல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், பலர் 11-க்குப் போக வேண்டியிருக்கிறது. பழைய டிரைவ் எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் குளோனும் அப்படியே இருக்கலாம். விண்டோஸ் 11 கேட்பது யூஇஎஃப்ஐ; அதற்கு ஜிபிடி முறை வேண்டும். விண்டோஸுக்குள்ளேயே ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி இருக்கிறது, டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும்.

“பிட்லாக்கர் நான் போடவே இல்லையே?”

போட்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்ததுமே பல லேப்டாப்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடுகிறது. டிரைவ் மாறியதும் திரை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும்போதுதான் விஷயமே தெரியவரும். கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் லாகின் செய்து எடுக்கலாம். எந்த மெயில் ஐடி, என்ன பாஸ்வேர்ட் என்பது மறந்துபோயிருந்தால்தான் ஆபத்து. கீ இல்லாமல் அந்த டேட்டாவைத் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. அதனால் குளோனுக்கு முன்பே கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், செட்டிங்ஸில் என்க்ரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள், புது டிரைவ் ஓடிய பிறகு மறுபடி ஆன் செய்யுங்கள்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். கீ கம்பெனியின் ஐடி டீமிடம் இருக்கும். அவர்கள் அனுமதியில்லாமல் நீங்கள் எடுக்கும் குளோன், கம்பெனி டேட்டாவின் கள்ளப் பிரதியாகவே பார்க்கப்படும்.

பாதியில் நின்றால்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய டிரைவை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேரில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். எச்சரிக்கை காட்டினால் குளோனை மறந்துவிட்டு, போட்டோ, ஆவணம், ப்ராஜெக்ட் ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள். சாகக் கிடக்கும் டிரைவை முழுதாகப் படிக்கச் சொல்லும் ஒவ்வொரு முயற்சியும் அதன் கடைசி முயற்சியாக இருக்கலாம்.

டிரைவ் நன்றாக இருந்தால், சூடேறும் மலிவு என்க்ளோஷர், தளர்ந்த கேபிள், போதாத இடம் ஆகியவற்றைப் பாருங்கள். இடம் என்றதும் ஒரு கணக்கு, என் தொழில் புத்தி. பெட்டியில் 512 ஜிபி என்று போட்ட டிரைவை விண்டோஸ் சுமார் 476 என்று காட்டும். 500 ஜிபி என்றால் 465, 480 என்றால் 447. யாரும் ஏமாற்றவில்லை, கம்பெனி 1,000-ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. ஆனால் 512-லிருந்து 500-க்கு குளோன் செய்யும்போது, டிஸ்க் கிட்டத்தட்ட காலியாக இருந்தாலும் சில சாஃப்ட்வேர்கள் மறுக்கும். முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்குங்கள்.

சாஃப்ட்வேர் என்றதும், பழைய வீடியோக்கள் பரிந்துரைக்கும் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு 2024-லிருந்து ஆதரவில் இல்லை. தைவானில் உருவான குளோன்ஜில்லா இலவசம், முகம் கொஞ்சம் கரடுமுரடு. எஸ்எஸ்டி கம்பெனியே தரும் கருவி சுலபம், ஆனால் சாம்சங்குடையது சாம்சங் டிரைவுக்கு மட்டும்தான் எழுதும்.

எந்தக் கருவியானாலும் சரி, திரும்ப முடியாத ஒரே இடம் மூலம் எது, இலக்கு எது என்று கேட்கும் திரை. மாற்றி கிளிக் செய்தால் வெற்று டிரைவ் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்படும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு அழிந்த இடத்தை உடனே காலி செய்துவிடுவதால், ஹார்ட் டிஸ்க் காலத்து மீட்பு வித்தைகள் இங்கே பெரும்பாலும் பலிக்காது. இரண்டின் மாடல் பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அழுத்துங்கள். சார்ஜ் முழுதாக இருக்கட்டும், கரன்ட் போனாலும் வேலை நிற்காது.

புதியது ஓட ஆரம்பித்ததும் பழையதை ஃபார்மேட் செய்ய அவசரப்படாதீர்கள். இரண்டு வாரம் பொறுத்து, எல்லா ஃபைலும் திறக்கிறது என்று பார்த்த பிறகு செய்யுங்கள். அதற்காக அதையே நிரந்தர பேக்கப்பாக பீரோவில் பூட்டிவிடவும் வேண்டாம். ஜெடெக் தரநிலையின்படி, எழுதும் ஆயுள் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் 1 வருடம் டேட்டாவை வைத்திருந்தால் போதும். வெப்பம் கூடினால் அந்தக் காலமும் குறையும். நீண்ட நாள் பேக்கப்புக்குத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.