இடுப்பில் கட்டிய துண்டு

‘நம்மில் யார் பெரியவன்?’ என்ற வழக்கு இயேசுவின் கடைசி இரவிலும் ஓயவில்லை. பொழுது விடிந்தால் அவர் சிலுவைக்குப் போகவேண்டும். பஸ்கா பந்தியில் இருந்த சீடர்களோ முதலிடத்துக்கு வாக்குவாதம் செய்தார்கள் என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். எருசலேமின் புழுதியில் செருப்புக்காலோடு நடந்து வந்தவர்கள் அவர்கள். கால் கழுவிவிடுவது அந்த நாளில் அடிமையின் வேலை. முதலிடம் கேட்கிறவர்களில் யாருக்கு அதற்கு மனம் வரும்? எழுந்தவர் இயேசுதான். மேலங்கியைக் கழற்றி வைத்தார். துண்டை இடுப்பில் கட்டினார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொருவர் காலாகக் கழுவித் துடைத்தார்.

யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். தாம் கடவுளிடமிருந்து வந்தவர், கடவுளிடமே திரும்பிப் போகிறவர், எல்லாம் தம் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது இயேசுவுக்குத் தெரிந்திருந்தது என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே அவர் பந்தியைவிட்டு எழுந்ததைச் சொல்கிறார் யோவான். தாம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதனால் துண்டை எடுக்கத் தயக்கமும் இல்லை. சீடர்களுக்குத் தங்கள் இடம் எது என்பதே நிச்சயமில்லை. அதனால் அவர்களால் எழுந்திருக்க முடியவில்லை.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவள் நான். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நம்மை யாராவது மதிக்கிறார்களா, நாம் இல்லாவிட்டால் யாராவது தேடுவார்களா என்ற கவலை எனக்குப் பழக்கமானது. நான்கு பேர் கூடிப் பேசினால் நம்மைப் பற்றித்தானோ என்று தோன்றும். வேலையில் இருந்தவரை ‘டீச்சர்’ என்ற அழைப்பு அதை மூடிவைத்திருந்தது. ஓய்வு பெற்றதும் மூடி கழன்றது. அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவர் பிரான்சு தேசத்துச் சமையற்காரர் ஒருவர்.

உலகம் அவரைச் சகோதரர் லாரன்ஸ் என்று அறியும். இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். லொரேன் பகுதியில் ஒரு சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்து காலில் காயம்பட்டு, கடைசிவரை நொண்டியே நடந்தார். பிறகு ஒரு பெரிய மனிதரின் வீட்டில் ஏவலாளாக இருந்தார். கையில் எடுத்ததையெல்லாம் உடைத்துவிடும் கைவாகில்லாதவன் என்றே தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிஸ் நகரத்தின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். படிப்பில்லாததால் குருவாகும் வாய்ப்பில்லை. கைவேலை செய்யும் சகோதரர் என்ற நிலைதான். அவருக்கு விழுந்த வேலை அடுப்படி. சமையல் வேலையே அவருக்குப் பிடிக்காது. அதில்தான் ஏறத்தாழ 15 ஆண்டுகள் இருந்தார். அதன்பின் மடத்துக்காரர்களின் செருப்பைத் தைத்துக் கொடுத்தார். மடத்துக்குத் திராட்சைரசம் வாங்கிவரவும் அவரைத்தான் அனுப்பினார்கள். கால் சரியில்லாதவர், படகில் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் இடம் மாறினார்.

இதையெல்லாம்விடப் பெரிய பாரம் ஒன்று அவர் நெஞ்சில் இருந்தது. தனக்கு நரகம்தான் என்று சுமார் நான்கு ஆண்டுகள் நம்பிக் கலங்கியிருக்கிறார். யார் சொல்லியும் அந்தப் பயம் தீரவில்லை. கடைசியில் தீர்ந்தது அவரே எடுத்த ஒரு முடிவால்: நான் கடவுளின் அன்புக்காகத்தான் இங்கே வந்தேன். எனக்கு மோட்சமோ நரகமோ, எது வந்தாலும் வரட்டும். சாகும்வரை செய்வதையெல்லாம் அவருக்காகவே செய்துவிட்டுப் போகிறேன். அன்றிலிருந்து மனம் விடுதலையானது என்கிறார்.

நமக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பதை விட்டவுடன் பயத்துக்குப் பிடிமானம் போய்விட்டது. சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதுகூட அவருக்குக் கடவுளின் அன்புக்காகச் செய்யும் வேலையாயிற்று. அடுப்படியின் இரைச்சலிலும் ஆராதனையின் அமைதியிலும் அவருக்குக் கடவுள் ஒரே மாதிரி அருகில் இருந்தார். தவறு நேர்ந்தால் ஒப்புக்கொள்வார். அதையே நினைத்து மறுகமாட்டார். 1666 முதல் ஜோசப் டி போஃபோர் என்ற குரு அவரைச் சந்தித்துப் பேசி, அந்த உரையாடல்களைக் குறித்துவைத்தார். லாரன்ஸ் 1691இல் இறந்தபின் அவையும் அவர் கடிதங்களும் சிறு நூலாக வந்தன. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் இன்றும் அதை வாசிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனம் என்ற பொதுவிருந்து உண்டு. முந்தின இரவே ஊர் கூடிக் காய் நறுக்கும். வடித்த சோறு ஓலைப்பாயில் மலைபோலக் குவியும். பந்தி பந்தியாக எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு பரிமாறவும் குழம்பு ஊற்றவும் ஆள் போட்டிபோடும். எச்சில் இலை எடுக்கத்தான் ஆள் குறையும். ஓய்வு பெற்ற அடுத்த அசனத்தில் ஒரு பெரியம்மா என் கையில் கூடையைத் திணித்து, “ஏட்டி, சும்மா நிக்காத. அந்த ஓரத்துல இருந்து எடுத்துட்டு வா” என்றார். முதல் பந்தியில், யார் பார்க்கிறார்கள் என்றுதான் என் கண் ஓடியது. இரண்டாம் பந்தியில் இலையை மட்டும் பார்த்தேன். எலும்பு விழாமல் எப்படி மடிப்பது, குழம்பு வழியாமல் எப்படித் தூக்குவது, அடுத்த பந்தி உட்காருமுன் தரையைத் துடைத்துவிட முடியுமா என்பதுதான் நினைப்பு. என்னைப் பற்றிய கவலைக்கு அந்த நேரத்தில் இடமே இருக்கவில்லை. தாழ்மை என்பது தன்னைக் கேவலமாக நினைப்பது என்று அதுவரை எண்ணியிருந்தேன். தன்னை நினைக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று அன்றைக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் தோளில் துண்டு போடக்கூடாது, அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மேல்சாதிக்காரர் முன் நிற்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்பதுதான் பெண்ணுக்கு அழகு என்றும் வைத்திருந்தார்கள். அப்படித் திணிக்கப்பட்டது தாழ்மை ஆகாது, அது கொடுமை. மிதிபட்டவரிடம் போய், இன்னும் குனி, கடவுள் மகிழ்வார் என்று சொல்ல எந்தப் பிரசங்கிக்கும் உரிமை கிடையாது. இயேசு துண்டைக் கட்டியது போதகர் என்ற இடத்திலிருந்து, தாமாக விரும்பி. இடம் உள்ளவர் இறங்கவேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. 2013இல் போப் பிரான்சிஸ் பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்கைப் பேராலயத்தில் நடத்தாமல், ரோமில் உள்ள இளம் குற்றவாளிகளின் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். சடங்கு அங்கே தன் பொருளை மீட்டுக்கொண்டது.

அந்தப் பந்தியில் இருந்த சீடர் பேதுருவையும் மறக்கக்கூடாது. என் காலை நீர் கழுவவே கூடாது என்று அவர் மறுத்தார். பார்த்தால் பணிவுபோல இருக்கும். பிறர் கையால் ஓர் உதவி வாங்கக் கூசுவதும் அதே பயத்தின் இன்னொரு முகம்தான். செய்துகொண்டே இருந்தால்தான் நமக்கு மதிப்பு என்று நினைக்கிறவர் சேவையையே கடனாக்கிக்கொள்கிறார். நன்றி வராத அன்று நொந்துபோகிறார். முதலில் காலை நீட்டச் சொன்னார் இயேசு. பிறகுதான் ஒருவர் காலை ஒருவர் கழுவச் சொன்னார்.

மனதில் இந்தக் கவலையைச் சுமக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் நேசிக்கப்படுகிறவர் என்பதை நம்புங்கள். அதை யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. பிறகு யாரும் போட்டிபோடாத ஒரு வேலையைத் தேடி எடுங்கள். பெயர் வாசிக்கப்படாத வேலையாக இருக்கட்டும். எழுந்து நடக்க முடியாத ஒருவருக்கு வாரம் ஒருநாள் தலை வாரிவிடுவதாக இருக்கலாம். ஆராதனை முடிந்து பாய் சுருட்டுவதாக இருக்கலாம். முதலில் மனம் முரண்டு பிடிக்கும். விடாமல் செய்யுங்கள். முதலிடம் யாருக்கு என்ற வழக்கு உங்களுக்குள் அடங்கும். அடங்கிய அந்த இடத்தில்தான் அடுத்தவருடைய முகம் உங்களுக்கு முதன்முறையாக ஒழுங்காகத் தெரியும்.