வீட்டு அறையில் உருவப்படம்

நம்மவர் வீட்டில் முதியவர் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவருடைய படமொன்று தேவைப்படுகிறது. அப்பொழுதுதான் வீட்டார் அலுமாரிகளையும் பெட்டிகளையும் துழாவத் தொடங்குகின்றனர். அகப்படுவது பெரும்பாலும் தேசிய அடையாள அட்டைப் படம். அன்றேல், யாரோ ஒருவருடைய திருமணக் கூட்டப்படத்தில் மூன்றாம் வரிசையில் நின்ற முகம். அம்முகத்தை வெட்டிப் பெருப்பித்து, பின்னால் நீலவானமும் ரோசாப்பூவும் சேர்த்து அச்சிடுகின்றனர். எண்பது ஆண்டு வாழ்ந்தவரை அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த மங்கிய புள்ளிக்கூட்டத்தின் வாயிலாகவே அறியவேண்டியிருக்கிறது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தவர்களும், 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலைக்கு வீட்டைப் பறிகொடுத்தவர்களும் தத்தம் அல்பங்களைக் காப்பாற்ற இயலாதவராயினர். பழைய படங்கள் போனவை போனவையே. ஆனால், இன்று நம்மோடு இருப்பவரைப் படமெடுத்து வைப்பதற்குத் தடை யாது? கமரா இல்லாதவரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. இடமில்லை என்பதே பலரும் கூறும் நியாயம். ஸ்ரூடியோப் படிகளில் ஏறமுடியாத ஒருவரை, பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உள்ள சாதாரண அறையொன்றில் வைத்து நல்ல உருவப்படம் எடுக்கலாம். அது எவ்வாறு என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதற்கண் ஒரு வரலாற்றுச் செய்தி. 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களைப் பயின்றோர் கோல்புறூக், கமறன் என்னும் இருவர் பெயரையும் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கமறனின் மனைவியார் யூலியா மார்கரெட் கமறன். கல்கத்தாவிலே 1815 இல் பிறந்த இவ்வம்மையாருக்கு 1863 இறுதியில், அவர் நாற்பத்தெட்டு வயதினராயிருந்தபோது, மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசளித்தனர். இங்கிலாந்தின் வைற் தீவிலே வாழ்ந்த அவர், நிலக்கரி வைத்திருந்த அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு ஒன்றைப் படமெடுக்கும் கூடமாக்கினார். கவிஞர் தெனிசனையும் வானியலறிஞர் ஹேர்ஷலையும் காட்டும் அவருடைய படங்கள் இன்றும் உலகின் தலைசிறந்த உருவப்படங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879 இல் மலைநாட்டிலே மறைந்து, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கமாகியுள்ளார். கோழிக்கூடு போதுமாயிருந்தது என்பதை அறை சிறிதென்று தயங்குவோர் எண்ணிப் பார்ப்பாராக.

சிற்றறையிலே ஒளிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் தூரத்துக்கே. இவ்விரண்டையும் வேறுவேறாக நோக்குதல் வேண்டும்.

ஒளியைப் பொறுத்தவரை, ஒரு யன்னல் போதும். மேனாட்டு நூல்கள் வடதிசை யன்னலே சிறந்தது, அதில் வெயில் படாது என்று கூறும். இலண்டனுக்கு அது பொருந்தும். நமக்கு முழுவதும் பொருந்தாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஆறு முதல் பத்துப் பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்பிரல் முற்பாதியில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே செல்கிறது. ஓகஸ்ட் இறுதி, செப்டெம்பர் தொடக்க அளவிலேதான் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கு யன்னலிலே வெயில் சாய்ந்து விழும்; தெற்கு யன்னல் அமைதியாயிருக்கும். ஆகவே திசையை மனனஞ் செய்வதிலும், எந்த யன்னலில் எந்நேரம் வெயில் விழவில்லை என்பதை இரண்டு நாள் அவதானிப்பதே மேல். விறாந்தையும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடுகள் இதற்கு மிக வாய்ப்பானவை. வெயில் விழுந்தே தீருமாயின், வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாக யன்னலில் கட்டினால் வெயில் முழுவதும் மென்மையான வெளிச்சமாக மாறிவிடும். யன்னலின் கீழ்ப்பாதியை மறைத்து, மேற்பாதியால் மாத்திரம் ஒளி வரவிடின், முகத்திலே நிழல் இயல்பாகக் கீழ்நோக்கி விழும். கண்ணின் மேற்பாதியில் ஓர் ஒளிப்புள்ளியும் தோன்றும். அப்புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றதாகவே தெரியும்.

அறையிலுள்ள குழல்விளக்கையும் மின்குமிழையும் அணைத்துவிடுக. பகலொளியும் மின்னொளியும் வேறு நிறத்தன. இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறுகன்னம் நீலமாகவும் தோன்றும்.

இனி, சிற்றறைக்கே உரிய ஒரு சங்கடம். சுவர்கள் அருகில் இருப்பதால் ஒளி எல்லாத் திசைகளிலிருந்தும் தெறித்து, முகத்தின் மேடுபள்ளங்களை அழித்துவிடுகிறது. சுவருக்குப் பச்சையோ இளஞ்சிவப்போ பூசியிருந்தால் அந்நிறமும் முகத்தில் ஏறும். இதற்குப் பரிகாரம் எளிது. யன்னலுக்கு எதிர்ப்பக்கத்திலே, இருப்பவருக்கு இரண்டு மூன்றடி தள்ளி, கரிய துணியொன்றைத் தொங்கவிட்டால் நிழல் ஆழமாகும். வெள்ளைத் துணியையோ ரெஜிபோம் பலகையையோ வைத்தால் நிழல் வெளிக்கும். முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது இது. சுருக்கங்கள் நிறைந்த முகத்துக்கு வெள்ளை வைப்பதே வழக்கம். ஆயினும், அச்சுருக்கங்களே அவருடைய எழுத்து என்று கருதும் பேரப்பிள்ளைகள் கரியதை வைப்பதிலே குற்றமில்லை.

தூரத்தின் செய்தி இதனினும் முக்கியமானது. பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் முதன்மை வில்லை அகன்ற பார்வை உடையது. முகமும் மார்பும் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் ஒன்றரை அடி வரை நெருங்கவேண்டும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து அங்குலம் உண்டு. பதினெட்டு அங்குலத்திலிருந்து பார்க்கையில் மூக்கு, காதை நோக்கக் கால்பங்குக்கு மேல் பருத்துத் தோன்றும். ஆறடியிலிருந்து பார்க்கையில் அவ்வேறுபாடு நூற்றுக்கு ஏழளவே. படத்தைப் பார்த்து, "இது நான் அல்ல" என்று முதியவர்கள் கூறுவதுண்டு. அதனை வீண்பிடிவாதம் என்று நாம் சிரித்துவிடுகிறோம். அவர்கள் கூற்று பெரும்பாலும் மெய்யே.

ஆகையால் ஆறடி விலகி நின்று, தொலைபேசியில் இருமடங்கு, மும்மடங்குப் பெருக்கம் தரும் வில்லை இருப்பின் அதனால் எடுத்தல் வேண்டும். தனிக் கமரா உடையோருக்கு 85 மில்லிமீற்றர் வில்லை சாலச் சிறந்தது. உணரியின் அளவு சிறிதாயின் 50 மில்லிமீற்றர் போதும். இருப்பவருக்கும் பின்சீலைக்கும் இடையே மூன்றடி, கமராவரை ஆறடி, எடுப்பவர் நிற்க இரண்டடி: மொத்தம் பதினோரடி. பன்னிரண்டடி அறையில் இது அடங்கும். போதாவிடின் வாசற்படிக்கு வெளியே நின்று உள்நோக்கி எடுக்கலாம். பைதகரசின் தேற்றத்தைப் பள்ளியோடு விட்டுவிடாதவர்கள், அதே அறை மூலைக்கு மூலை பதினைந்தடிக்கு மேல் நீள்வதைக் கண்டுகொள்வர். நின்ற நிலையில் முழு உருவத்தை எடுக்கும் ஆசையை மட்டும் சிற்றறையிலே கைவிடுக. கதிரையில் அமர்ந்த அரையுருவமே இங்குப் பொருந்தும்.

பின்சீலை வெண்மையாயிருத்தல் நன்றென்று பலர் நினைக்கின்றனர். நம் நிறத்துக்கு அது நன்றன்று. கமராவின் ஒளிமானி தான் காண்பது அனைத்தையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும் கருவி. வெண்சுவர் நிறைந்த காட்சியிலே அது ஒளியைக் குறைத்துவிடும்; கரிய முகம் மேலும் இருண்டு, கண்ணும் மூக்கும் தெரியாத நிழலாகும். சாம்பல், கபிலம், கடுநீலம் ஆகிய நிறத்தில் ஒரு பருத்திச் சேலையை மடிப்பின்றிக் கட்டுக. தொலைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு, அம்முகத்துக்கே ஒளியை அளவிடுக.

மாநிறமும் கருநிறமும் கொண்ட முகத்தின் வடிவைப் பெரிதும் எழுதுவது அதன்மேல் படரும் மினுக்கமே. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் யன்னல் வெளிச்சம் நீண்டு வழுக்கும் அந்த மினுக்கத்தைப் பவுடர் பூசி அழித்தல் ஆகாது. வியர்வையை மட்டும் ஒற்றி எடுத்தால் போதும். அந்நாளில் ஸ்ரூடியோவின் கண்ணாடிக்கு முன்னே சீப்பும் பவுடர் டப்பாவும் தவறாது இருந்தன. இன்று அந்த டப்பா தொலைபேசிக்குள்ளே புகுந்துகொண்டது. அழகுபடுத்தல் என்னும் பெயரில், கேளாமலே தோலை வெளுப்பிக்கும் அமைப்பு சில தொலைபேசிகளில் இருக்கிறது. படமெடுக்குமுன் அதனை அணைத்துவிடுக. ஆச்சியின் நிறத்தைத் திருத்துவதற்கு நமக்கு யார் உரிமை தந்தார்?

படமெடுக்கும் நேரம் காலையாயிருத்தல் நலம். குளித்து, உண்டு, களைப்படையாத வேளை. மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனைக் கழற்றவேண்டியதில்லை. அதன் காதுப்பிடிகளைச் சற்றே உயர்த்தினால் யன்னலின் தெறிப்பு விலகும். "சிரியுங்கள்" என்று ஏவுதல் கூடாது. பாடசாலைக் கூட்டப்படங்களை ஆண்டுதோறும் கண்டவன் என்ற முறையில் கூறுகிறேன்: அச்சொல்லைக் கேட்டமாத்திரத்தே குழந்தைகளும் விறைத்துவிடுகின்றனர். அவருக்கு விருப்பமான ஒருவரைக் கமராவின் பக்கத்திலே இருத்தி, ஊர்க்கதை ஏதேனும் கேட்கச் செய்க. வயலைப் பற்றியோ கோயில் திருவிழாவைப் பற்றியோ பேச்சு ஓடட்டும். எடுப்பவர் வாய்திறவாது முப்பது நாற்பது படங்களை எடுக்கட்டும். நல்லது ஒன்றிரண்டு தேறும். அன்றைக்கு அவர் வேண்டாமென்றால் சீலையை மடித்து வைத்துவிட்டு இன்னொரு நாள் கேட்பதே முறை.

இந்த அறை எல்லாவற்றுக்கும் உதவுமென எண்ணவேண்டாம். கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் உரிய படங்களை அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோக்களிலேயே எடுத்தல் வேண்டும்.

இறுதியாக, படத்தைத் தொலைபேசியிலே உறங்கவிடாது தாளிலே அச்சிடுக. எட்டுக்குப் பத்து அங்குல அச்சு தெளிவாயமைய 2400 க்கு 3000 புள்ளிகள் வேண்டும். இன்றைய கைத்தொலைபேசிகளில் இது எளிதிற் கிடைக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய பிரதி வழியிலே சுருங்கிவிடக்கூடும். ஆதலால் மூலக் கோப்பையே அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். அச்சின் பின்புறத்திலே மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி, ஒரு பிரதியை வீட்டிலும் மற்றொன்றை வேறூரில் வாழும் பிள்ளையிடத்திலும் வைத்துக்கொள்க.