கூரையை முட்டிய பனை

குதிரை வண்டிக் காலத்தில் ஊரைக் கடந்து வந்த மரத்தை, கிரேன் காலத்தில் நகர்த்த முடியவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் சுமார் 200 வயதான சபால் பனையை 2021 செப்டம்பரில் வெட்டினார்கள். மரம் பட்டுப்போகவில்லை. அது நின்ற கண்ணாடி வீட்டைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பெர்முடா தீவுகள்தான் இந்த இனத்தின் தாயகம். விசிறி ஓலை, தூரத்துப் பார்வைக்கு நம்மூர்ப் பனையின் பங்காளி. பயன்களும் ஏறக்குறைய அதேதான். அங்கே குடியேறியவர்கள் ஓலையால் கூரை வேய்ந்தார்கள், தொப்பி முடைந்தார்கள், சாற்றைப் புளிக்கவைத்து ‘பிபி’ என்ற கள்ளையும் குடித்தார்கள். பெர்முடாவிலேயே இன்று இது அழியும் ஆபத்தில் இருக்கும் இனம்.

எடின்பரோ பூங்கா 1820களின் தொடக்கத்தில் லீத் வாக் பகுதியிலிருந்து இப்போதைய இன்வர்லீத்துக்குக் குடிபெயர்ந்தது. வளர்ந்த மரங்களை வேர்மண்ணோடு தூக்கிச் செல்ல, தலைமைத் தோட்டக்காரர் வில்லியம் மெக்நாப் தனியாக ஒரு வண்டியே வடிவமைத்திருந்தார். சபாலும் 1822இல் வந்து சேர்ந்தது. 1834இல் பனைகளுக்கென்று எழுந்த கண்ணாடி வீடு அதன் நிரந்தர முகவரியானது. வெளியே உறைபனி, உள்ளே வெப்பமண்டலம். ஓலை கடைசியில் கூரையைத் தொட்டது.

இன்னொரு முறை நகர்த்தினால் என்ன?

விஷயம் வேரில் இருக்கிறது. பனைக் குடும்பத்துக்கு ஆணிவேர் கிடையாது; அடித்தண்டிலிருந்து சல்லிவேர்கள்தான். 1984இல் ஃப்ளோரிடாவில் வெளியான ஆய்வு ஒன்றின்படி, தென்னையின் வேர்களை வெட்டினால் பாதியளவு மீண்டும் துளிர்க்கும். சபாலின் நெருங்கிய உறவினமான பால்மெட்டோவிலோ வெட்டுப்பட்ட வேர்கள் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடும். தண்டிலிருந்து புது வேர் விடும்வரை மரம் சேமிப்பில்தான் காலம் தள்ள வேண்டும். அதனால்தான் ஃப்ளோரிடாவில் இம்மரத்தை இடம் மாற்றும்போது ஓலை முழுவதையும் கழித்து, மொட்டைக் கம்பமாக நடுகிறார்கள். வெப்பமும் ஈரமும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நம் நகரங்களில் கிரேனில் தொங்கியபடி வந்திறங்கும் ராயல் பாம்களுக்கும் இந்த வசதி உண்டு: வெதுவெதுப்பான மண், கூரையில்லாத வானம்.

எடின்பரோவில் இரண்டும் இல்லை. அத்தனை உயரத்துக்கு, குளிர்காலம் முழுக்கச் சூடேற்றிய இன்னொரு வீடு வேண்டும். தொட்டிச் செடிகளுக்கு மாற்றிடம் தேடுவது சுலபம். இதற்கு எங்கே தேட? லண்டன் கியூ பூங்காவிலும் இதே சங்கடம்தான். 1846இல் சிலியிலிருந்து வந்த விதையில் முளைத்து 16 மீட்டரைத் தாண்டிய பனை, 2013–18இல் நடந்த ‘திருப்பணி’யில் தப்பவில்லை.

பூங்காவின் மீது குற்றம் சொல்வதற்கில்லை. துருப்பிடித்த இரும்பும் உளுத்த கல்லும் இடிந்து விழுந்திருந்தால் மரமும் சேர்ந்தே போயிருக்கும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பாரம்பரியச் சின்னம் என்ற சட்டப் பாதுகாப்பு கட்டடத்துக்குக் கிடைத்தது. அதைவிட மூத்த குடித்தனக்காரருக்கு அது கிடைக்கவில்லை.

சபால் ஆமைவேகத்தில் வளரும் சாதி. இன்று விதை ஊன்றினால், தண்டு தரைக்கு மேலே தலைகாட்டவே பல ஆண்டுகள் ஆகும்.