நெடும்பயணமும் நம் சைக்கிளும்

சைக்கிளில் நெடும்பயணம் என்றால் அது வெளிநாட்டவர்க்கும் வசதி படைத்தவர்க்கும் உரியது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றிவரச் சைக்கிளில் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் கடந்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினர். இடைப்பட்ட நாட்கள் சுமார் 1,600. வகுத்துப் பாருங்கள்; ஒரு நாளைக்குச் சராசரி 44 கிலோமீட்டர்தான்! ஓய்வு நாட்களும் கப்பலில் கழிந்த நாட்களும் இதில் அடக்கம். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தைப்பூசத்திற்கு அதை நம் வீட்டுப் பெரியவர்கள் நடந்தே கடக்கிறார்கள் அன்றோ? ஆகவே, உலகப் பயணமும் சின்னச் சின்ன நாட்களால் ஆனதே.

அப்படியானால் புறப்படும்முன் கவனிக்க வேண்டியவை யாவை?

முதலாவது சுமை. 1894-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து உலகப் பயணம் புறப்பட்ட ஆனி லண்டன்டெர்ரி என்ற பெண்மணியின் சைக்கிள் 19 கிலோ எடை. சிகாகோ சேர்ந்ததும் அதை விட்டுவிட்டு, அதில் பாதி எடையுள்ள சைக்கிளுக்கு மாறினார். நீண்ட பாவாடையையும் விட்டொழித்தார். பத்துக் கிலோ கூடுதல் சுமையை நூறு மீட்டர் உயரம் ஏற்ற 9,800 ஜூல் ஆற்றல் வேண்டும். அது நம் கால்களிலிருந்துதான் வரவேண்டும்.

இரண்டாவது காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் எதிர்காற்று வீசினால் தடை நான்கு மடங்காகும். ஆடியில் நம் சமவெளியில் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துப் பழனி போவதைவிடத் தை மாதம் போவது எளிது.

மூன்றாவது கைத்தொழில். பஞ்சர் ஒட்டவும், கழன்ற செயினை மாட்டவும், பிரேக் கட்டையை மாற்றவும் தெரிந்திருந்தால் போதும்; பாதி அச்சம் தீர்ந்தது.

மீதிப் பாதி அச்சம் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்பில் அரசு எனக்கு ஒரு சைக்கிள் தந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்தச் சைக்கிளோ இன்று வீட்டோரம் நிற்கிறது. அப்பா அதில் புல்லுக்கட்டு ஏற்றி வருகிறார். "வயசுப் பொண்ணு தனியா எம்புட்டுத் தூரம் போவ?" என்பது அம்மாவின் கேள்வி. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை 'தனியாக அல்ல' என்பதுதான். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஊரே ஓட்டியபோது யார் சிரிப்பது?

நம் கல்லூரியில் அரசு தந்த சைக்கிள் எத்தனை பேர் வீட்டில் சும்மா நிற்கிறது! வரும் தை விடுமுறையில் பேராசிரியர் ஒருவர் துணையோடு இருபது பேர் பழனிவரை போய்வரலாம். இடையில் ஒட்டன்சத்திரத்தில் இளைப்பாறலாம். ஒருநாளில் போய், இரவு தங்கி, மறுநாள் திரும்பினால் போதும். பேராசிரியப் பெருமக்கள் அனுமதி தந்தால், பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது.