கோடை லீவு: 6 வாரம், 9,000 ரூபாய், ஒரு இ.எம்.ஐ. கூட வேண்டாம்!



ஏப்ரல், மே மாசம் வந்தாலே போன்ல ஒரு மெசேஜ் வரும்: "உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு டிராவல் லோன் தயார்." அதே நேரத்துல வீட்ல குழந்தை கேட்கும்: "அப்பா, நாம எங்க போறோம்?" இந்த ரெண்டு கேள்வியும் ஒரே வாரத்துல வர்றதுதான் பிரச்சனையே.

கணவன், மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல இன்னொரு விஷயமும் இருக்கு. "நாள் முழுக்க பிள்ளையோட இருக்க முடியலையே"ங்கிற குற்ற உணர்ச்சி. அதைச் சரிக்கட்ட சனி, ஞாயிறுல கணக்குப் பார்க்காம கார்டைத் தேய்க்கிறோம். நான் இதுக்கு வெச்சிருக்கிற பேரு "குற்ற உணர்ச்சி வரி". எந்த ரிட்டர்ன் ஃபைல் பண்ணினாலும் இந்த வரிக்கு ரீஃபண்டு கிடையாது!

முதல்ல ஜூன் மாசத்தைப் பாருங்க

மே மாசச் செலவை மே மாசத்தோட நிறுத்திப் பார்க்கக் கூடாது. ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், ஷூ, வேன் அட்வான்ஸ்னு வரிசையா நிக்கும்.

ஒரு உதாரணம். 60,000 ரூபாய்க்கு ஒரு டூர். 15% வட்டியில 12 மாச இ.எம்.ஐ. போட்டா மாசம் சுமார் 5,415 ரூபாய். மொத்த வட்டி கிட்டத்தட்ட 5,000. அதை கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யா போட்டிருந்தா, வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., பிராசஸிங் ஃபீ எல்லாம் தனி. அடுத்த கோடை வர்ற வரைக்கும் இந்தக் கோடைக்குக் கட்டிட்டு இருப்பீங்க.

இ.எம்.ஐ. போடாம "மினிமம் டியூ" மட்டும் கட்டினா நிலைமை இன்னும் மோசம். மாசம் 3% வட்டின்னா வருஷத்துக்கு 36%. பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. கார்டு பாக்கியை முழுசா கட்டலைன்னா, புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போயிடும். அதாவது, ஜூன்ல அதே கார்டுல கட்டுற ஸ்கூல் ஃபீஸுக்கும் முதல் நாள்ல இருந்தே வட்டி ஓடும். டூருக்கு வாங்கின கடன், படிப்புச் செலவையும் சேர்த்துக் கடனாக்கிடும்.

அதனால ரூல் ரொம்ப சிம்பிள். ஜூன் செலவுக்கான பணத்தை முதல்ல தனி அக்கவுண்ட்ல ஒதுக்குங்க. மிச்சம் இருக்கிறதுதான் லீவு பட்ஜெட்.

9,000 ரூபாய் பிளான்

சென்னையில இருக்கிற, 3 வயசுலயும் 6 வயசுலயும் ரெண்டு குழந்தைங்க உள்ள குடும்பத்துக்கான பிளான் இது. தொகை எல்லாம் என்னோட மதிப்பீடு. போக்குவரத்து, டிக்கெட், சாப்பாடு சேர்த்து இதுக்குள்ள முடிக்கணும்னு வெச்சுக்கிற உச்சவரம்பு. நேரம், டிக்கெட் விலையைக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க.

வாரம் 1: பெசன்ட் நகர் பீச் (300 ரூபாய்). காலை 5.30 மணிக்கெல்லாம் அங்க இருங்க. 8 மணிக்குக் கிளம்பிடுங்க. ஒரு பழைய டப்பா, ஒரு ஸ்பூன் போதும், பிள்ளைங்க மணல்ல ஊரே கட்டிடும்.

வாரம் 2: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் (400). உள்ளே போக கட்டணம் இல்லை. குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. வெயில் உச்சியில இருக்கிற நேரத்துக்கு இதை விட நல்ல இடம் கிடைக்காது.

வாரம் 3: கிண்டி சிறுவர் பூங்கா, பக்கத்துலயே பாம்புப் பண்ணை (900). ரெண்டும் அடுத்தடுத்து இருக்கிறதால ஒரே பயணச் செலவு. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

வாரம் 4: மெட்ரோவுல எழும்பூர், அங்கிருந்து அருங்காட்சியகம் (900). 1851-ல ஆரம்பிச்ச மியூசியம் இது. வெள்ளிக்கிழமை விடுமுறை. சின்னப் பிள்ளைக்கு மெட்ரோ பயணமே பாதி சந்தோஷம். 90 செ.மீ. உயரத்துக்குக் குறைவான குழந்தைக்கு மெட்ரோ டிக்கெட் வேண்டாம்.

வாரம் 5: வண்டலூர் உயிரியல் பூங்கா (2,000). 602 ஹெக்டேர் இடம், முழுசா நடக்கணும்னு நினைக்காதீங்க. புறநகர் ரயில்ல வண்டலூர் ஸ்டேஷன்ல இறங்கி, திறந்ததும் உள்ளே போய், மதியத்துக்குள்ள திரும்புங்க. இங்கேயும் செவ்வாய் விடுமுறை.

வாரம் 6: மாமல்லபுரம் (2,500). அரசுப் பஸ்லயே போகலாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட்தான். 15 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்குத் தொல்லியல் துறை கட்டணம் கிடையாது.

மொத்தம் 7,000. வீட்ல வரைய சார்ட், கலர், விதை, மண்தொட்டிக்கு 1,000. எதிர்பாராத செலவுக்கு 1,000. ஆக 9,000 ரூபாய்.

அரசுப் பஸ்ல 5 வயசு வரைக்கும் டிக்கெட் இல்லை. சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கும் கட்டணம் இல்லை. கத்திரி வெயில் நாட்கள்ல 11 மணியில இருந்து 4 மணி வரை பிள்ளைங்களை வெயில்ல அலைய விடாதீங்க. மருத்துவச் செலவு பட்ஜெட்ல இல்லை!

பணம் எங்க ஓட்டை வழியா போகுது?

பெரும்பாலும் டிக்கெட்ல இல்லைங்க. வெளியில வாங்குற தண்ணி பாட்டில், ஜூஸ், பார்க்கிங், வாசல்ல விக்கிற பலூன், இதுலதான். புளிசாதம், தயிர்சாதம், ரெண்டு பெரிய பாட்டில் தண்ணி வீட்ல இருந்தே போனா பாதிச் செலவு குறையும்.

மால்ல இருக்கிற கேம் ஜோன் கார்டும் அப்படித்தான். 500 போட்டா கடைசியில 40 ரூபாய் மிச்சம் இருக்கும். ஒரு கேமுக்கு அது பத்தாது. அந்த 40-ஐக் காப்பாத்த இன்னொரு 300 டாப்-அப் பண்ணுவோம்.

என் சஜஷன்: 6 வயசுப் பிள்ளை கையில ஒவ்வொரு அவுட்டிங்குக்கும் 50 ரூபாய் நோட்டாவே கொடுங்க. பலூனா, ஐஸ்கிரீமா, அதுவே முடிவு பண்ணட்டும். தீர்ந்தா தீர்ந்ததுதான். முதல் வாரம் அழுகை வரும், ரெண்டாவது வாரமும் வரலாம். அதுக்கப்புறம் யோசிக்க ஆரம்பிக்கும். ஜிபே-ல "டிங்"னு சத்தம் மட்டும் கேட்டு வளர்ற பிள்ளைக்குப் பணம் தீர்ந்து போகும்னே தெரியாது.

ஊருக்குப் போறீங்களா?

தாத்தா, பாட்டி வீட்டை விட மலிவான, நல்ல சம்மர் கேம்ப் எதுவும் இல்லை. ரயில்ல 5 வயசு நிரம்பாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்கலைன்னா டிக்கெட் இல்லை. 5 முதல் 11 வயசு வரை, தனி பெர்த் வேண்டாம்னா பாதிக் கட்டணம். பெர்த் கேட்டா முழுக் கட்டணம். பகல் நேர சேர் கார், செகண்ட் சிட்டிங்ல இந்தப் பாதிக் கட்டணச் சலுகை இல்லை. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடியே திறக்கும், காலண்டர்ல குறிச்சு வைங்க.

ஆபீஸ்ல எல்.டி.ஏ. இருக்கா? பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான் வரிவிலக்கு. அதுவும் இந்தியாவுக்குள்ள, நீங்க லீவு போட்டுப் போற பயணத்தோட டிக்கெட் செலவுக்குத்தான். ஹோட்டல், சாப்பாட்டுக்கு இல்லை. 4 காலண்டர் வருஷ பிளாக்குக்கு 2 தடவை கிளெய்ம் பண்ணலாம். புதிய வரி முறையில இருக்கிறவங்க "எப்படியும் டாக்ஸ் மிச்சம்"னு நினைச்சு டூர் புக் பண்ணிடாதீங்க.

அடுத்த வருஷம் பெரிய டூர் வேணுமா?

தாராளமா போங்க! ஜூன்ல இருந்து மார்ச் வரை மாசம் 1,500 ரூபாய் ஆர்.டி. போட்டா, 10 மாசத்துல 15,000 கையில, வட்டி தனி. மேல சொன்ன இ.எம்.ஐ.யில வட்டியை நீங்க கட்டினீங்க. இங்க வட்டி உங்களுக்கு வருது.

இன்னைக்கு நைட் ஒரு வேலை பண்ணுங்க. ஜூன் மாசச் செலவை ஒரு பேப்பர்ல எழுதி, அந்தப் பணத்தை ஒதுக்குங்க. அப்புறம் பிள்ளையைக் கூப்பிட்டு, ஆறு இடத்துல முதல்ல எதுன்னு அதையே தேர்வு பண்ணச் சொல்லுங்க. உங்க பிள்ளைக்கு டூர் பேக்கேஜோட விலை தெரியாது. நீங்க போனைப் பைக்குள்ள வெச்சுட்டு மணல்ல கூட உட்கார்ந்தீங்களா இல்லையான்னு நல்லாவே தெரியும்.